ஓர் எண் ஒருவருக்கே

பெரிய மருத்துவமனை ஒன்றின் குருதிப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று பதிவு முகப்புகள் உள்ளன. மூன்றிலும் உள்ள கணினிகள் ஒரே தரவுத்தளத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வரும் நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவெண் வழங்கப்படுகிறது. குருதிக் குப்பியில் ஒட்டப்படுவதும் முடிவறிக்கையில் அச்சிடப்படுவதும் அவ்வெண்ணே. இருவருக்கு ஒரே எண் அமைந்துவிடின், ஒருவரின் நோய்க்கு மற்றவர் மருந்து உண்ண நேரிடும்.

பிழை தோன்றும் இடம்

இதுவரை வழங்கிய எண்களுள் பெரியதைக் கண்டறிந்து, அதனுடன் ஒன்றைக் கூட்டுவது எளிய வழியாகத் தோன்றும். ஒரே முகப்பு இயங்கும்வரை இது பிழையின்றி நடைபெறும். இரண்டு முகப்புகள் ஒரே நொடியில் தரவுத்தளத்தை அணுகினால் இரண்டும் 340 என்பதையே படிக்கும்; இரண்டும் 341 என்றே எழுதும். படித்தலுக்கும் எழுதுதலுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதே இப்பிழைக்குக் காரணம். கூட்டம் குறைந்த நாள்களில் இது வெளிப்படாமலே இருந்துவிடலாம். பதிவெண்ணை முதன்மைத் திறவுகோலாக அமைத்தால், இரண்டாவது 341ஐத் தரவுத்தளம் ஏற்க மறுத்துவிடும்.

தரவுத்தளமே எண் வழங்குதல்

எண் வழங்கும் பணியைத் தரவுத்தளத்திடமே ஒப்படைப்பது சிறந்த வழி. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் 'சீக்வென்ஸ்' என்னும் அமைப்பும், மைஎஸ்கியூஎல்லில் 'ஆட்டோ இன்கிரிமென்ட்' என்னும் வசதியும் இதற்கென உள்ளன. எத்தனை பேர் ஒருங்கே கேட்டாலும் இவை வெவ்வேறு எண்களையே தரும். எனினும், எண் பெற்றபின் பதிவு கைவிடப்பட்டால் அவ்வெண் பொதுவாக மீண்டும் வழங்கப்படுவதில்லை. வரிசையில் இடைவெளி விழும். பரிசோதனைக் கூடத்திற்கு இதனால் தீங்கில்லை.

இடைவெளி கூடாத இடம்

அதே மருத்துவமனையின் மருந்தகத்தில் நிலை வேறு. 2017ஆம் ஆண்டு மத்திய சரக்கு, சேவை வரி விதிகளுள் 46ஆம் விதி, வரி விலைப்பட்டியலின் எண் தொடர்ச்சியானதாகவும், 16 குறியீடுகளுக்கு மிகாததாகவும், ஒரு நிதியாண்டுக்குள் தனித்துவம் உடையதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இடையில் ஓர் எண் இல்லையெனில், அந்தப் பட்டியல் மறைக்கப்பட்டதோ என்னும் ஐயம் தணிக்கையில் எழும்.

இங்குக் கடைசி எண்ணைத் தனி அட்டவணையின் ஒரு வரிசையில் வைத்துக் காக்க வேண்டும். பட்டியலைச் சேமிக்கும்போது அவ்வரிசையைப் பூட்டி, எண்ணை உயர்த்தி, பட்டியலையும் எழுதிய பின்னரே பூட்டு விடுவிக்கப்படும். இவை யாவும் ஒரே பரிவர்த்தனையாக நிகழ்வதால், இடையில் தடை நேர்ந்தால் எண்ணும் பழைய நிலைக்கே திரும்பும். ஆனால், பூட்டு விடுபடும்வரை பிற முகப்புகள் காத்திருக்க நேரும். ஆதலால் மருந்து விவரங்களை எல்லாம் நிரப்பிய பின்னர், இறுதியில் எண் பெறுவதே முறை. வழங்கிய பட்டியலை நீக்க நேர்ந்தால் அதனை அழித்துவிடாமல், 'ரத்து' எனக் குறித்து அதே எண்ணில் பேண வேண்டும்.

தனித்துவம் எல்லா இடத்திலும் இன்றியமையாதது. இடைவெளியின்மை சில இடங்களில் மட்டுமே தேவைப்படுவது. பின்னதற்குரிய விலை காத்திருப்பு. எண் எதற்குப் பயன்படப்போகிறது என்பதை முதலில் தெளிந்து, பின்னர் வழியைத் தேர்வதே நல்ல நிரலாக்கம்.