ஓவன் பொய் சொல்கிறதா? சென்சாரைக் கேளுங்கள்!

“180 டிகிரிதான் வைத்தேன். 40 நிமிடமும் ஆகிவிட்டது. மேலே சிவந்திருக்கிறது, உள்ளே இன்னும் மாவாகவே இருக்கிறது.” தீபாவளி நெருங்கும் வாரங்களில் பினாங்கில் இந்தப் புலம்பலை நான் அடிக்கடி கேட்கிறேன். வீட்டிலேயே கேக், பட்டர் பிஸ்கட், அன்னாசி டார்ட் செய்து விற்கும் பெண்கள் இங்கே நிறையப் பேர். ஓவன் ஒரு வாரம் படுத்துவிட்டால் அவர்களுக்கு அந்த வார வருமானமும் போய்விடும்.

பழுது பார்க்கக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று, “போர்டு போய்விட்டது.” இன்னொன்று, “இதற்குச் செலவு செய்வதைவிடப் புதிதாக வாங்கிவிடுங்கள்.” போர்டு உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால், அதற்கு முன்பே பார்க்க வேண்டிய, விலை குறைந்த ஒரு சிறு பொருள் இருக்கிறது. ஓவனுக்குள் சூட்டை அளக்கும் சென்சார்தான் அது. அதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மின்னணுப் பொருள்களைச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அந்தச் சோதனையை எளிமையாகச் சொல்கிறேன்.

பென்சில் போல ஒரு குச்சி

டிஜிட்டல் திரை உள்ள ஓவனைத் திறந்து பின்சுவரின் மேல்பக்கத்தைப் பாருங்கள். பென்சிலை விட மெல்லிய ஓர் எஃகுக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனிக்குள் பிளாட்டினம் இருக்கிறது. சூடு ஏற ஏற பிளாட்டினத்தின் மின்தடையும் ஏறும். இதை வைத்து வெப்பத்தை அளக்கலாம் என்று 1871-இல் வில்லியம் சீமென்ஸ் எடுத்துக்காட்டினார். இன்று நம் சமையலறையில் இருப்பதும் அதே தத்துவம்தான்.

பல ஓவன்களில் உள்ள சென்சாருக்கு ‘பி.டி. 1000’ என்று பெயர். பூஜ்யம் டிகிரியில் அதன் தடை 1,000 ஓம். அதற்கு மேல் டிகிரிக்கு ஏறக்குறைய 3.85 ஓம் கூடும். நம் ஊரின் 30 டிகிரி வெயிலில் 1,117 ஓம், 100 டிகிரியில் 1,385, 180 டிகிரியில் 1,685. இந்த எண்ணை வைத்துத்தான் போர்டு ஹீட்டரைப் போடுகிறது, நிறுத்துகிறது. சில மாடல்களில் ‘பி.டி. 500’ இருக்கும்; அதில் எல்லா அளவும் பாதி. வேறு சிலவற்றில் சூடு ஏறினால் தடை குறையும் வகையும் உண்டு. எது உங்களுடையது என்பதைக் கையேட்டில் அல்லது மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

திரை இல்லாமல், குமிழைத் திருகும் ஓவனில் இந்தச் சென்சார் இருக்காது. எண்ணெய் நிரம்பிய மெல்லிய உலோகக் குழாய் ஒன்று இருக்கும். எண்ணெய் சூட்டில் விரிந்து சுவிட்சைத் தள்ளும். குழாய் நசுங்கினாலோ கசிந்தாலோ தெர்மோஸ்டாட்டை முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

கழற்றுவதற்கு முன்

ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். அதை நடுத் தட்டில் வைத்து, 180 டிகிரியில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நாலைந்து தடவை, கண்ணாடி வழியாகவே பாருங்கள். ஹீட்டர் எரிந்து அணையும்போது பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவது வழக்கம்தான். சராசரியைக் கணக்கிடுங்கள்.

கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா, காற்றாடி சுற்றுகிறதா, தட்டோ அலுமினியத் தாளோ சென்சாரில் உரசுகிறதா என்றும் பாருங்கள். சராசரி பத்து டிகிரி அளவுக்கு மட்டுமே மாறியிருந்தால், பல டிஜிட்டல் ஓவன்களில் அதைத் திரையிலேயே சரிசெய்யும் வசதி உண்டு. கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். ‘எஃப்’ அல்லது ‘ஈ’ எழுத்தோடு எண் ஏதாவது வந்தால், சுவர் சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். மீண்டும் அதே எண் வந்தால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது எப்படி?

ஓவன் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக் இல்லாமல் நேராகச் சுவரில் இணைத்த ஓவன் என்றால், அதைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மைக்ரோவேவும் சேர்ந்த ஓவனை வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

பின்தகட்டைக் கழற்றினால் சென்சாரின் இரண்டு கம்பிகளும் அவை சேரும் இணைப்பியும் தெரியும். இணைப்பியைப் பிரித்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் தொடுங்கள்.

பி.டி. 1000-இல் 1,100-க்குச் சற்று மேலே வந்தால் அறைச் சூட்டில் சென்சார் சரி. மீட்டர் எண் எதுவும் காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கம்பியை மெல்ல அசைக்கும்போது எண் குதித்தால் முறிவு இருக்கிறது. ஒரு முனையை ஓவனின் உலோக உடம்பில் வைத்தால் எந்த எண்ணும் வரக்கூடாது. கடைசியாக, இணைப்பியை மறுபடி மாட்டி, போர்டில் சேரும் பக்கத்தைக் கழற்றி அங்கேயும் அளங்கள். இரண்டு இடத்திலும் எண் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம் அக்காவின் ஓவன்

அந்தக் கடைசி அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். ஆயர் ஈத்தாமில் கேக் செய்து விற்கும் அக்கா ஒருவருக்கு, போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கேட்ட தொகை புது ஓவன் விலையில் பாதிக்கு மேல். “தம்பி, ஆர்டரெல்லாம் வாங்கிட்டேன், என்ன செய்யலாம்னு நீயே சொல்லு” என்றார்.

அவருடைய தெர்மாமீட்டரில் 180-க்குப் பதில் 155 காட்டியது. சென்சாரை மட்டும் அளந்தபோது 1,117 ஓம், குறையே இல்லை. போர்டுப் பக்கத்தில் அளந்தால் 1,210. நடுவில் இருந்த இணைப்பி பச்சை பூத்துக் கிடந்தது. ஈரமும் கடல் காற்றும் உள்ள ஊரில் இது அதிசயமில்லை. அந்தத் துரு கூட்டிய 93 ஓமை 3.85-ஆல் வகுத்துப் பாருங்கள்: 24 டிகிரி. உண்மையில் இருப்பதைவிட 24 டிகிரி அதிகமாக இருப்பதாகப் போர்டு நினைத்து, ஹீட்டரை முன்கூட்டியே நிறுத்திக்கொண்டிருந்தது. போர்டு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அதற்குக் கிடைத்த எண்தான் தவறு. சூடு தாங்கும் பீங்கான் இணைப்பி போட்டதும் கேக் பழையபடி வெந்தது.

அந்த இடத்தில் சாதாரண பிளாஸ்டிக் டேப்பும் ஈயப் பற்றும் வேண்டாம். சூட்டில் இரண்டும் உருகும். அதைவிட முக்கியம், அதிகச் சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி நேர் வயர் போட யாரையும் அனுமதிக்காதீர்கள். வீடு தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

சட்டம் உங்கள் பக்கம்

“இந்த மாடலுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது” என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 37-ஆம் பிரிவு, பழுதுபார்ப்பும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. கிடைக்காது என்று விற்கும்போதே சொல்லியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது ‘திரிபுனல் துந்துத்தான் பெங்குனா’வில், 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வழி கேட்க, 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நம் ஊரிலேயே இருக்கிறது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் உலகத்துக்கே மின்னணுப் பாகங்கள் செய்து அனுப்புகிறது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள், மல்டிமீட்டரும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஓவன் பக்கம் திருப்புங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், பழுது பார்க்க வருபவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “சென்சாரில் எத்தனை ஓம், போர்டுப் பக்கத்தில் எத்தனை ஓம்?” இரண்டு எண்ணையும் எழுதி வாங்கிய பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.