வெயில் இறைக்கும் தண்ணீர்

சமையல், குளிப்பு, உடுப்புக் கழுவல், ஐவேளை வுழூ, முற்றத்து மிளகாய்க் கன்றுகள்... தண்ணீர் தேவைப்படாத வேளை ஏது? எந்த வேலைக்கு எத்தனை வாளி போகும் என்ற கணக்கு வீட்டில் உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே, கிணற்றுக்குச் சூரிய சக்திப் பம்பி பொருத்தும் பேச்சு எழுந்தால், “அது ஆண்களின் விஷயம்” என்று ஒதுங்கிவிடாதீர்கள், சகோதரிகளே!

கற்பிட்டிக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, இடையில் மணல். சற்றே தோண்டினால் தண்ணீர். மின்கம்பி எட்டாத தோட்டங்களில் எண்ணெய் இயந்திரங்கள்தான் கைகொடுத்து வந்தன. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வருடம் ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதன் பின்னர் பலரும் வெயிலை நிமிர்ந்து பார்த்ததில் வியப்பென்ன?

எத்தனை தகடு வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கிணற்று நீர்மட்டத்திலிருந்து தாங்கியின் வாய்வரை 10 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வற்றுச் சூரியத் தகடு ஒன்றும் சிறிய நேரோட்டப் பம்பி ஒன்றும் நல்ல வெயில் நாளில் 3,000 லீற்றர் வரை ஏற்றிவிடும். ஆறு பேருள்ள வீட்டுக்கு 1,000 லீற்றர் தாராளம். தோட்டத்துக்கும் இறைப்பதானால் தகடுகளைக் கூட்ட வேண்டும்.

வீட்டில் ஏற்கனவே உள்ள ஆடலோட்டப் பம்பியையே இதில் கொழுவிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அது தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய தகடுகளால் அதைத் தாங்க முடியாது.

பற்றரியா, தாங்கியா?

இரவில் தண்ணீருக்கு என்ன செய்வது? பற்றரி வாங்கச் சொல்வார்கள். பற்றரி சில வருடங்களில் தேய்ந்துவிடும்; விலையும் அதிகம். பகலில் இறைத்த தண்ணீரை உயரத்தில் ஒரு தாங்கியில் நிறைத்து வைத்தால், இரவில் குழாயைத் திறந்தாலே போதும். இரண்டு நாள் தேவைக்குரிய தாங்கி இருந்தால் மழைமூட்டத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டு காவலாளிகள்

தகட்டுக்கும் பம்பிக்கும் இடையே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதனுடன் இரண்டு காவலாளிகளைக் கேட்டுப் பெறுங்கள். ஒன்று, தாங்கியில் மிதக்கும் ஆளி. தாங்கி நிறைந்ததும் அது பம்பியை நிறுத்தும். மற்றொன்று, கிணற்றினுள் தொங்கும் உணரி. நீர்மட்டம் இறங்கினால் இது பம்பியை நிறுத்தும். தண்ணீரின்றி வெறுமனே ஓடும் பம்பி சூடேறிக் கெட்டுப்போகும். செலவைக் குறைக்கிறோம் என்று இவற்றை விட்டுவிடுபவர்களே பின்னர் புதுப் பம்பி வாங்குகிறார்கள்.

கிணற்றையும் நினையுங்கள்

கடலோர மணலில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழம்வரை உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலாளர் கணிப்பு. மேலே ஒரு சாண் இறங்கினால் கீழே உப்பு பல சாண் ஏறும். இயந்திரத்தில் எண்ணெய் தீர்ந்தால் இறைப்பு தானே நின்றது. வெயிலுக்கு விலை இல்லை. ஆகவே நிறுத்தவும் மனம் வராது. உவர்த்துப்போன கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மாரிகள் காத்திருக்க வேண்டும். சிறிய பம்பியால் மெதுவாக இறைப்பதும், தேவை முடிந்ததும் நிறுத்துவதும் கிணற்றுக்கு நாம் செய்யும் நன்மை.

நீங்கள் செய்யக்கூடியவை

* தகட்டில் தென்னோலை நிழல்கூட விழ விடாதீர்கள். சிறு நிழலும் மின்சாரத்தை வெகுவாகக் குறைக்கும்.
* கடற்காற்றின் உப்பையும் தூசியையும் அதிகாலையில் மென்துணியால் கழுவுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்நீர் ஊற்ற வேண்டாம்.
* வெயில் இருக்கும்வரை தகட்டில் மின்சாரம் இருக்கும். இணைப்புகளைக் கழற்றும் வேலையை மின்வினைஞரிடம் விடுங்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள்.
* பம்பியை மின்கம்பியால் தூக்காமல், அதற்கெனக் கட்டிய கயிற்றால் தூக்குங்கள்.
* மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், 20 லீற்றர் வாளி நிறைய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். இரண்டு நிமிடமென்றால் மணிக்கு 600 லீற்றர். நல்ல வெயிலிலும் நேரம் கூடிக்கொண்டே போனால் ஏதோ கோளாறு.
* அந்தத் தண்ணீரில் ஒரு மிடறு சுவைத்தும் பாருங்கள். நாவில் கரித்தால் இறைப்பைக் குறைத்துவிடுங்கள்.

விற்பவரிடம் “எத்தனை வற்று?” என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். “எங்கள் கிணற்றின் உயரத்துக்கு மணிக்கு எத்தனை லீற்றர் ஏறும்? எப்போது தானாக நிற்கும்?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு காசை எடுங்கள்.