ஜாகீர்: ஒலி நிலைத்தது, பொருள் மாறிற்று

மொழி விட்டு மொழி பெயரும் சொற்கள் ஒலியைக் காத்துக்கொண்டு பொருளை இழப்பதுண்டு. ரோமப் பேரரசரை ஹதீஸ் நூல்கள் ‘கைஸர்’ எனக் குறிப்பதை நாம் அறிவோம். ஜூலியஸ் சீசரின் குடும்பப் பெயரே அது. பண்டை இலத்தீனில் அப்பெயரின் முதலெழுத்து ககரமாகவே ஒலித்தது, பிற்காலத்தில்தான் திரிந்தது. கிரேக்கத்தின் வழியே அரபியை அடைந்த வடிவமும், ஜெர்மானியர் பெற்ற வடிவமும் அப்பழைய ககரத்தைக் காத்துள்ளன. ஜெர்மானிய மொழிகளின் மூலவடிவை ‘கைஸரஸ்’ என மொழியறிஞர் மீட்டுருவாக்குவர். எந்த ஏட்டிலும் காணப்பெறாத அவ்வடிவம், கிளைமொழிகளை ஒப்பிட்டுக் கண்ட முடிபு. ஒலித்திரிபுக்கு முன்னரே சொல் கடன் பெறப்பட்டது என்பதற்கு அந்தக் ககரமே சான்று. பொருளோ மாறிவிட்டது, ஒரு குடும்பப் பெயர் பேரரசரின் பட்டமாயிற்று.

இத்தகைய மாற்றத்தை நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையிலும் காண்கிறோம். 1976இல் அரசு ஏற்கும் வரை அம்மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகீர்களாக விளங்கிற்று. ‘ஜாகீர்’ பாரசீகச் சொல். ‘ஜா’ என்பது இடம். ‘கீர்’ என்பது பற்றுதல். உலகைப் பற்றியவர் எனப் பொருள்படும் ‘ஜஹாங்கீர்’ என்பதிலும் இவ்வீறே உள்ளது. ‘ஜாகீர்தார்’ என்பதிலுள்ள ‘தார்’, தாசில்தார் என்பதில் நாம் அன்றாடம் கேட்பதே.

முகலாயர் ஆட்சியில் ஜாகீர் என்பது நிலவுரிமை அன்று. மன்ஸப்தாரின் ஊதியத்திற்கு ஈடாக ஒதுக்கப்பட்ட வரி வருவாயே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது கைமாறும். மகனுக்குத் தானாகச் சேராது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி செங்கற்பட்டுப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். ஆங்கிலேயரும் அந்நிலப்பரப்பை அப்பெயராலேயே வழங்கினர்.

கல்வராயன் மலையிலோ அச்சொல் பரம்பரை ஆளுகையைக் குறித்தது. மலைமக்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுரிமை கிருஷ்ணதேவராயரால் வழங்கப்பட்டது என்பது அங்குள்ள மரபுச் செய்தி. ஆகவே, பெயர் பாரசீகம் என்பதால் அந்த ஆளுகையும் முஸ்லிம் அரசர்களிடமிருந்து வந்தது என முடிவு கட்டுதல் பொருந்தாது. சொல் எங்குப் பிறந்தது என்பதை அதன் ஒலி கூறும். அது எதைக் குறித்தது என்பதை, அதன்கீழ் உழைத்தவர்களின் வாழ்விலிருந்தே நாம் அறிதல் வேண்டும்.