கல்வாழை ஏன் பூக்கவில்லை?

கல்வாழையைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

ரெயில் நிலையத் தோட்டங்களில் அது இருக்கும். பூங்காக்களில் இருக்கும். அரசாங்க அலுவலகங்களின் முகப்பில் வட்டப் பாத்தி கட்டி நட்டிருப்பார்கள். வீட்டுக் கொல்லையில், பாத்திரம் துலக்கும் தண்ணீர் ஓடுகிற இடத்திலும் அது நிற்கும்.

சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று பல நிறங்களில் பூக்கும். மஞ்சள் பூவில் சிவப்புப் பொட்டு வைத்தது போன்ற ரகமும் உண்டு. உரம் கேட்காது. மருந்து கேட்காது. யாரும் கவனிக்காவிட்டாலும் வளரும். அதனாலேயே அதை யாரும் கவனிப்பது இல்லை!

சில ஆண்டுகள் கழிந்ததும் வீட்டில் பேச்சு கிளம்பும்.

"இலைதான் மண்டிக் கிடக்கிறது. பூவைக் காணோமே" என்பாள் மருமகள்.

"புதர் மாதிரி இருக்கிறது. பூச்சி பொட்டு அடையும். வெட்டி எறியச் சொல்லு" என்பாள் மாமியார்.

அவசரப்பட்டு வெட்டி எறிய வேண்டியது இல்லை. பூக்காத கல்வாழையைப் பெரும்பாலும் பூக்க வைத்துவிடலாம். ஆனால் கல்வாழைக்கு வருகிற ஒரே ஒரு நோய்க்கு மட்டும் மருந்து கிடையாது. அந்த நோய் வந்த செடியை வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டுவது, எதைக் காப்பாற்றுவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

வாழையும் அல்ல, அல்லியும் அல்ல

இலையைப் பார்த்தால் வாழைக்கன்று போல இருக்கும். விதை கல் போலக் கடினமாக இருக்கும். கல்வாழை என்ற பெயர் அதற்குப் பொருத்தம்தான். மலைக்காடுகளில் பெரிய விதைகளோடு காய்க்கும் ஒரு காட்டு வாழையையும் கல்வாழை என்று சொல்வது உண்டு. அது வேறு; இது வேறு.

ஆங்கிலத்தில் இதை 'கன்னா லில்லி' என்பார்கள். ஆனால் இது லில்லிச் செடியும் அல்ல, அல்லியும் அல்ல. இஞ்சி, மஞ்சள், வாழை ஆகியவைதான் இதற்குத் தூரத்துச் சொந்தம்.

இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகள். தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ், 1753-ல் இதற்கு 'கன்னா இண்டிகா' என்று பெயர் வைத்தார். இண்டிகா என்றால் இந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள். கொலம்பஸ் போய் இறங்கிய தீவுகளை அந்தக் காலத்தில் 'இண்டீஸ்' என்று அழைத்தார்கள். அந்தக் குழப்பத்தில், இந்தியாவைப் பார்க்காமலே இந்தச் செடிக்கு இந்தியப் பெயர் வந்துவிட்டது!

பூர்வீகக் கல்வாழையின் பூ சிறியது. இன்று பூங்காக்களில் காணும் பெரிய பூக்கள் மனிதர்கள் இனம் சேர்த்து உருவாக்கியவை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த அன்னே என்பவர் 1840-களில் அந்த வேலையைத் தொடங்கி வைத்தார். பிறகு அதே நாட்டில் லியோன் நகரத்தில் குரோசி என்பவர் பெரிய பூ ரகங்களை உண்டாக்கினார். இந்தியாவில், கல்கத்தா அலிப்பூரில் உள்ள வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தில் பெர்சி லங்காஸ்டர் பல ரகங்களை உருவாக்கினார்.

இன்னொரு வேடிக்கை. கல்வாழைப் பூவில் வண்ண வண்ணமாகத் தெரிபவை இதழ்களே அல்ல. மகரந்தத்தைத் தாங்க வேண்டிய கேசரங்கள்தான் அப்படி அகன்று விரிந்து இதழ் வேஷம் போடுகின்றன. உண்மையான இதழ்கள் மூன்று, கூராக, சிறியதாகப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும்.

பூக்காததற்குக் காரணம்

முதல் காரணம் நிழல். கல்வாழைக்கு நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நட்டபோது அந்த இடத்தில் வெயில் இருந்திருக்கும். பக்கத்தில் வைத்த மாங்கன்று வளர்ந்து மரமாகி இருக்கும். அல்லது அடுத்த வீட்டுக்காரர் மாடி எழுப்பி இருப்பார். நிழலில் நிற்கும் கல்வாழை இலையைத்தான் பெரிதாக்கும். அதை வேறு இடத்துக்கு மாற்றுவது ஒன்றே வழி.

இரண்டாவது காரணம் நெரிசல். பூக்காத கல்வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் கோளாறு. மண்ணுக்குள் கிழங்கு ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்கிறது. நடுவில் உள்ள கிழங்குகள் கிழடு தட்டிப் போகின்றன. வேருக்கு இடம் இல்லை, சத்து இல்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதரைத் தோண்டி எடுத்துப் பிரித்து நட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தோண்டும்போது கிழங்கில் மண்வெட்டி படாமல் ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் வெட்ட வேண்டும். புதரை அப்படியே நெம்பி எடுத்து, மண்ணை உதற வேண்டும். ஓரத்தில் உள்ள இளங்கிழங்குகளைத் துண்டாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு, மூன்று முளைக்கண் இருக்கட்டும். நடுவில் உள்ள கறுத்த கிழங்கு வேண்டாம். வெட்டுவாயில் சாம்பலைத் தடவி ஒரு நாள் நிழலில் போட்டு வைத்தால் காயம் ஆறிவிடும்.

கண் மேலே பார்க்கும்படி மூன்று, நான்கு அங்குல ஆழத்தில் நட வேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடி முதல் இரண்டு அடி. குழியில் மக்கிய தொழு உரம் இரண்டு கை போட்டால் போதும். மழைக்காலத் தொடக்கம் இதற்கு ஏற்ற நேரம். தண்ணீர் வசதி இருந்தால் எப்போதும் நடலாம். நட்ட இரண்டு, மூன்று மாதங்களில் பூத்துவிடும்.

மூன்றாவது காரணம் அளவுக்கு மீறிய கவனிப்பு! யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. இலை கருகருவென்று வரும். பூ வராது.

பூத்து முடிந்த தண்டை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. முதல் பூங்கொத்து வாடியதும், அதை மட்டும் அதன் அடியில் கிள்ளிவிட வேண்டும். அதே தண்டில் பக்கத்தில் இருந்து இன்னொரு கொத்து வரும். அதுவும் முடிந்தால் அந்தத் தண்டின் வேலை முடிந்தது. வாழைக்குத் தார் வெட்டிய பிறகு மரத்தைச் சாய்ப்பதுபோல், தரையை ஒட்டி வெட்டிவிடலாம். அடியில் இருந்து புதுத் தண்டு கிளம்பும்.

வரிசையாக ஓட்டை

கல்வாழை இலையில் சில சமயம் வரிசையாக ஓட்டைகள் தெரியும். யாரோ ஊசியால் குத்தியதுபோல ஒரே கோட்டில் இருக்கும். இளம் இலை சுருட்டி வைத்த பாய் போல இருக்கும் அல்லவா? அப்போது புழு ஒரு பக்கமாகத் துளைத்து மறு பக்கம் போயிருக்கும். இலை விரிந்ததும் அந்த ஒரே துளை பல ஓட்டைகளாகத் தெரிகிறது.

இலையை மடித்து நூல் கட்டி உள்ளே வசிக்கும் புழுக்களும் உண்டு. மடிப்பைப் பிரித்துப் புழுவை எடுத்து நசுக்குவதே நல்ல வைத்தியம். நிறைய இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். நத்தையை இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்க வேண்டும். செடியின் அடியில் உப்பைக் கொட்டினால் நத்தையோடு செடியும் போய்விடும்!

இலையின் அடிப்பக்கம் செங்கல் தூள் ஒட்டியதுபோல இருந்தால் அது துரு நோய். அந்த இலைகளை நறுக்கி எரித்துவிட வேண்டும். மொட்டு விரியாமல் கறுத்து அழுகினால், அது நுண்கிருமியால் வரும் மொட்டு அழுகல். அந்தத் தண்டை அடியோடு வெட்ட வேண்டும். இரண்டுக்கும் காற்றோட்டம் இல்லாத நெரிசலும், இலை மேல் தண்ணீர் ஊற்றுவதும் துணை போகின்றன. தண்ணீரைக் காலையில், அடியில்தான் ஊற்ற வேண்டும்.

மருந்து இல்லாத நோய்

இதுவரை சொன்ன எல்லாவற்றில் இருந்தும் கல்வாழை பிழைத்துக்கொள்ளும். வைரஸ் நோயில் இருந்து மட்டும் பிழைக்காது.

இந்த நோய் வந்தால் இலை நரம்பை ஒட்டி வெளிர்மஞ்சள் கோடுகள் தோன்றும். கோடுகள் தொடர்ச்சியாக இருக்காது. விட்டு விட்டு, திட்டுத் திட்டாக இருக்கும். பிறகு அந்த இடம் பழுப்பாகிக் காய்ந்து கிழியும். செடி குட்டையாகும். பூவில் நிறம் சீராக இராது, கோடு விழும். மெல்ல மெல்லப் பூவே நின்றுவிடும்.

சில ரகங்களுக்கு இயற்கையிலேயே மஞ்சள் கோடு உண்டு. அது தறியில் நெய்த சேலைக் கரை போல இலை முழுவதும் ஒழுங்காக ஓடும். செடியும் திடமாக நிற்கும். நோயின் கோடு ஒழுங்கற்றது. இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். நோய்ச் செடியைப் "புது ரகம், அழகாக இருக்கிறது" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்!

இது எப்படிப் பரவுகிறது? அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவை செடிக்குச் செடி கொண்டு போகும். ஆனால் வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் கொண்டு போவது பெரும்பாலும் மனிதர்கள்தான். நோய் கிழங்குக்குள் இருக்கிறது. கிழங்கைப் பார்த்தால் நோய் தெரியாது. அதைப் பிரித்துக் கொடுத்தால், வாங்கியவர் வீட்டில் முளைப்பதும் நோய்ச் செடிதான். கிழங்கு வியாபாரத்தின் வழியாக இந்த நோய் பல நாடுகளுக்குப் பரவி, விலை உயர்ந்த ரகங்களையும் அழித்திருக்கிறது.

கல்வாழையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. அக்கா வீட்டுக்குப் போனால் ஒரு கிழங்கு. தாய் வீட்டுக்குப் போனால் ஒரு கிழங்கு. ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டாம். கிழங்கை வாங்கும் முன்பு தோட்டத்துக்குப் போய்ச் செடியின் இலையைப் பார்த்துவிட வேண்டும். இலை சுத்தமாக இருந்தால் தாராளமாகக் கொண்டு வரலாம். நோய்க்கோடு தெரிந்தால், அதைக் கொடுத்தவருக்கே எடுத்துச் சொல்வதுதான் உதவி. அவர் மற்றச் செடிகளையாவது காப்பாற்றிக்கொள்வார்.

அப்படியும் சந்தேகம் இருந்தால், புதுக் கிழங்கைத் தனியாக ஒரு தொட்டியில் நட்டு, நாலைந்து இலை விடும் வரை பார்க்கலாம்.

நோய் கண்ட செடியைக் கிழங்கோடு தோண்டி, காயவைத்து எரிக்க வேண்டும். குப்பைக் குழியில் போடக்கூடாது. மண்ணில் ஒரு துண்டு கிழங்கு தங்கினாலும் மறுபடி முளைக்கும். வெட்டிய கத்தி, மண்வெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த செடியைத் தொட வேண்டும்.

பாத்திரம் துலக்கும் தண்ணீர்

கல்வாழை ஏராளமாகத் தண்ணீர் குடிக்கும். ஈரம் தேங்கிய மண்ணிலும் வேர் அழுகாமல் நிற்கும். ஆகவேதான் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் படுகைகளில் பல நாடுகளில் இதை நடுகிறார்கள். மணலிலும் கூழாங்கல்லிலும் வேர் விட்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் சத்துக்களை உறிஞ்சிக்கொள்ளும்.

வீட்டிலும் அதைச் செய்யலாம். ஆனால் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். செடியை நட்டுவிட்டு, தண்ணீரைக் குட்டையாகத் தேங்க விடுகிறார்கள். அது கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். இரண்டு அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, அடியில் உடைத்த செங்கல்லும் மேலே மணலும் போட்டு, அதில் நட வேண்டும். தண்ணீர் மணலுக்குக் கீழேயே நிற்க வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. தண்ணீர் வரும் வாயில் ஒரு கம்பி வலை வைத்தால் சோற்றுப் பருக்கையும் காய்கறித் தோலும் பள்ளத்தை அடைக்காது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரையும், ஊறுகாய் ஜாடி கழுவிய உப்புத் தண்ணீரையும் அதில் விடக்கூடாது. இலை ஓரம் கருகிவிடும்.

வியட்நாமில் கல்வாழையைக் கிழங்குக்காகவே வயலில் பயிர் செய்கிறார்கள். அந்தக் கிழங்கு மாவில் செய்யும் சேமியா, வெந்ததும் கண்ணாடி போல இருக்கும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டிலும் இந்தக் கிழங்கை உண்கிறார்கள். அதற்காக, சாக்கடை ஓரத்தில் நிற்கும் அழகுச் செடியின் கிழங்கை யாரும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்!

600 ஆண்டு தூங்கிய விதை

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், விதையில் இருந்தும் கல்வாழை வளர்க்கச் சொல்லலாம். மிளகைவிடப் பெரிதாக, கறுப்பாக, உருண்டையாக இருக்கும். துப்பாக்கி ரவை போல இருப்பதால் வெள்ளைக்காரர்கள் 'இந்தியன் ஷாட்' என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கைக்குள் இதைப் போட்டுக் கிலுகிலுப்பை செய்வார்கள்.

அர்ஜென்டினா நாட்டில் சாண்டா ரோசா தே தாஸ்தில் என்ற பழைய ஊரைத் தோண்டியபோது, ஒரு கிலுகிலுப்பை மாலை கிடைத்தது. வாதுமைக் கொட்டை ஓடுகளுக்குள் கல்வாழை விதைகள் இருந்தன. சுமார் 600 ஆண்டுப் பழமை என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அதில் ஒரு விதை முளைத்துச் செடியானது! இந்தச் செய்தி 1971-ல் வெளிவந்தது.

அத்தனை கடினமான ஓட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. ஆகவே விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறப் போட்டால் விதை பருக்கும். அரை அங்குல ஆழத்தில் விதைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் முளை தெரியும்.

இனம் சேர்த்த ரகங்களில் பல, விதையே பிடிக்காது. பிடித்தாலும், தாய்ச் செடியின் பூ மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது. சிவப்புப் பூவின் விதையில் மஞ்சள் பூவும் வரலாம்.