மிதித்த மிதி எங்கே போனது?

மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது மாமா பையனின் கார் ரிவர்ஸ் எடுக்க மறுத்தது. கியரைத் தள்ளினால் கரகரவென்று அரைக்கும் சத்தம். கிளட்ச் பெடல் தரையோடு படுத்துக் கிடந்தது. டர்போ எஞ்சின், வேகத்துக்காக மாற்றிப் போட்ட கடினமான பிரஷர் பிளேட் என்று ஆசை ஆசையாகச் செலவழித்த கார். போனில் கேட்ட முதல் மெக்கானிக், காரைப் பார்க்காமலே, "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

விழுப்புரத்திலிருந்து பைக்கில் வந்த இன்னொரு மெக்கானிக், ஒரு பெரியவர், "தம்பி, பெடலை நாலு தடவை வேகமா அடிச்சிட்டு கியர் போடுங்க" என்றார். விழுந்தது!

இது ஹைட்ராலிக் கிளட்ச், கேபிள் கிடையாது. பெடல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். குழாயில் உள்ள ஆயில் (பிரேக்குக்கு ஊற்றும் அதே ஆயில்தான்) கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அது ரிலீஸ் பேரிங்கை நகர்த்தி கிளட்ச் தட்டை விடுவிக்கும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான். அதன்படி ஸ்லேவின் பரப்பு மாஸ்டரைப்போல இரு மடங்கு என்றால் விசை இரட்டிப்பாகும், நகர்வு பாதியாகும். உதாரணத்துக்கு 16 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் தள்ளுகிற ஆயில் சுமார் 6 மில்லிதான். அதில் 1 மில்லி காற்று புகுந்துவிட்டால், அழுத்தத்தில் அது சுருங்கி, மிதியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தட்டு முழுதாக விடுபடாது, கியர் அரைக்கும்.

செங்கல், மரம், உலோகம், சுதை நான்கும் இல்லாமல் மண்டகப்பட்டுக் கோயிலை எடுத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்குள்ள கல்வெட்டில் பெருமைப்படுகிறார். கிளட்ச் குழாயில் விலக்க வேண்டியது காற்று ஒன்றுதான். அதுவே நமக்குப் பெரும்பாடு.

பம்பு செய்தால் ஏன் சரியாகிறது? ஒவ்வொரு மிதிக்கும் மாஸ்டருக்கு ஆயில் கொடுக்கும் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயில் கூடுதலாக உள்ளே போகிறது. குறை காற்றாக இருந்தாலும், மாஸ்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தாலும் இதே பலன் கிடைக்கும். இரண்டையும் பிரிக்கப் பெரியவர் ஒரு சோதனை செய்தார். பிரேக்கில் ஒரு கால், கிளட்சில் ஒரு கால், முதல் கியரில் அப்படியே பிடித்திருந்தார். அரை நிமிடம் ஆவதற்குள் பெடல் மெல்ல இறங்க, எஞ்சின் திணறத் தொடங்கியது. காற்றாக இருந்தால் பஞ்சுபோல அமுங்கும், ஆனால் பிடித்த இடத்தில் நிற்கும். வாஷர் தேய்ந்திருந்தால் ஆயில் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் நழுவும்.

வெளிக்கசிவு உண்டா என்றும் பார்க்க வேண்டும். பெடலுக்கு மேலே தள்ளுகோல் ஈரமா, கியர்பாக்ஸ் அடியில் சொட்டா. சொட்டினால் விரலில் எடுத்துத் தண்ணீரில் கழுவுங்கள்: பிரேக் ஆயில் கரைந்து போகும், எஞ்சின் ஆயில் ஒட்டிக்கொண்டே இருக்கும். (பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், பானெட்டில் சிந்தவிடாதீர்கள்.) ஸ்லேவ் கியர்பாக்ஸ் உள்ளேயே வளையமாக இருக்கும் கார்களில் அங்கே கசிந்தால்தான் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும்.

காலையில் நன்றாக இருந்து, சூடானபின் கெடுகிற கோளாறு வேறு. அதை வேக கார்களில் அதிகம் பார்க்கலாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 155 வரை இறங்கலாம். பக்கத்தில் டர்போவின் எக்ஸாஸ்ட் குழாய் வேறு. ஆயில் கொதித்தால் ஆவி, ஆவி என்றால் மறுபடி காற்றுபோலச் சுருங்கும் கதைதான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புது ஆயில் ஊற்றிக்கொண்டு போவது நல்லது. கடினமான பிரஷர் பிளேட் போட்டவர்களுக்கு இன்னொன்று: அழுத்தம் கூடினால் பழைய ரப்பர் ஹோஸ் உப்பும், மிதியில் கொஞ்சம் அங்கேயும் போகும்.

பம்பு செய்துகொண்டே விழுப்புரம் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். டப்பாவில் ஆயில் கறுத்திருந்தது. அது வாஷர் அரைபட்டதன் அடையாளம். மாஸ்டரை மாற்றிவிட்டு, "மிதி... பிடி... விடு" என்று இரண்டு பேராக ஏர் எடுத்தார்கள். டப்பாவில் ஆயில் குறையவிடாமல் ஒரு பையன் ஊற்றிக்கொண்டே நின்றான், குறைந்தால் காற்று திரும்பவும் ஏறிவிடும். பிளாஸ்டிக் குழாயில் முதலில் நுரை, பிறகு இரண்டு மூன்று முத்துகள், அப்புறம் தெளிந்த ஆயில். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. கழற்றிய வாஷரைப் பெரியவர் என் உள்ளங்கையில் வைத்தார். அதன் விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சீவிவிட்டதுபோல ஒரு தேய்மானம்.