வரிசையில் காத்திருக்கும் செய்திகள்

ஒரு கணினி நிரல் மற்றொன்றிடம் ஒரு காரியத்தை ஒப்படைக்கையில், அது அச்சமயம் விழித்திருக்கிறதா என்று பார்த்து நில்லாமல், தபாற்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுத் தன் ஜோலியைக் கவனிக்கப் போகும் மனிதனைப்போல, செய்தியை வரிசையில் சேர்த்துவிட்டு அகன்றுவிட இடந்தரும் ஏற்பாடுகளுள் பிரசித்தமானது, 2007-இல் வெளிவந்த ராபிட்எம்க்யூ. எர்லாங் மொழியில் இயற்றப்பட்ட அதனோடு பைத்தான் நிரல்கள் சம்பாஷிப்பதற்குப் பிகா என்னும் நூலகம் துபாஷியாக நிற்கிறது. நூலகம் என்றதும் அலமாரிகளை நினைக்க வேண்டாம். முன்கூட்டியே எழுதிவைத்த நிரற்பகுதிகளின் தொகுதியே அது. செய்தி கிட்டியதற்கு ஒப்புகை வேண்டுமென்று ராபிட்எம்க்யூவில் அமைத்திருந்தால், பெற்ற நிரல் அவ்வொப்புகையை அனுப்பும்வரை செய்தி வரிசையினின்று நீக்கப்படாது. இடையில் இணைப்பு அறுந்தால் மீண்டும் வழங்கப்படும். ஆதலின் ஒரே செய்தி இருமுறை வருதலும் சாத்தியமே. பணம் செலுத்தும் கட்டளையாயின், அது இருமுறை நிறைவேறாதபடி காப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.