டர்போ இழுக்கவில்லையா? முதலில் சாவியை மட்டும் திருப்புங்கள்

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குச் சவாரி போகும் டீசல் கார்களுக்கு உண்மையான பரீட்சை காமக்காப்பட்டியைத் தாண்டியதும்தான் தொடங்குகிறது. வத்தலகுண்டு வரை சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி, மலையேறும்போது திடீரென்று சோர்ந்துவிடும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் எடுக்காது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். மறுநாள் மதுரை செல்லூரில் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தி, "பிக்கப்பே இல்லண்ணே, டர்போ போயிருச்சு போல" என்பார் டிரைவர். ஸ்கேனரைச் செருகினால் பி0235 முதல் பி0238 வரையிலான கோடுகளில் ஒன்று வருகிறது. பூஸ்ட் சென்சார் கோளாறு! புது சென்சார் வாங்கி மாட்டுகிறார்கள். பல வண்டிகளில் நாலு நாளில் அதே விளக்கு மறுபடி எரிகிறது.

அந்தக் கோடு சொல்வது ஒன்றுதான்: சென்சார் பக்கமிருந்து வரும் தகவல் நம்பும்படி இல்லை. கெட்டது சென்சாரா, வயரா, கப்ளரா என்பதை மெக்கானிக்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக்கொண்டு காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவது டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூகி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்கும் டாக்ஸிக்காரர்களுக்கும் இதைப் பரவலாக்கியதில் ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜினுக்குப் பெரிய பங்குண்டு. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா எல்லாவற்றிலும் அது ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆக, இன்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் மாருதி டீசல் எதுவும் புதுசு இல்லை. வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் வயரிங் விறைத்துப்போன வண்டிகள் அவை.

டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பொருள். உள்ளே மெல்லிய சிலிக்கான் தகடு. காற்றழுத்தத்தில் அது வளைய வளைய, வெளிவரும் வோல்டேஜ் மாறும். எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் கணக்கிடுவதற்கு அந்த வோல்டேஜும் வேண்டும். அது தாறுமாறாக வந்தால், இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிடும். மலையில் வண்டி சோர்ந்தது இதனால்தான்.

சோதனை எளிது. ஸ்கேனரை மாட்டி, சாவியை ஆன் செய்ய வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அப்போது சென்சார் காட்ட வேண்டியது வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டும்தான். மதுரை கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம் என்பதால் இங்கே ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்டும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் இதே சென்சார் 79ஐ ஒட்டிக் காட்டினால் அதுவும் சரியே. செல்லூரில் நிற்கும் வண்டியில், இன்ஜின் ஓடாதபோதே 40 என்றோ 250 என்றோ வந்தால் சென்சாரையோ வயரையோ சந்தேகப்படலாம்.

அடுத்தது கப்ளர். கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சை பூத்திருக்கும் வண்டிகள் உண்டு. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற கார்களின் கப்ளருக்குள் ஈரம் இறங்கியிருந்தால், அரிப்பு மாதக்கணக்கில் தாமதித்துக்கூட வெளிப்படும். சாவியை ஆன் செய்து அளந்தால், மல்டிமீட்டரில் ஒரு வயரில் 5 வோல்ட், இன்னொன்றில் நல்ல எர்த் கிடைக்க வேண்டும். கப்ளரை மாட்டிச் சாவி போட்டால், சிக்னல் வயரில் பொதுவாக 1 முதல் 2 வோல்ட் வரும். 5 வோல்ட்டே வராத இடத்தில் எத்தனை சென்சார் மாற்றினாலும் காசுதான் வீண். எலி கடித்த வயரையும் தேடிப் பார்ப்பது நல்லது.

சென்சாரைக் கழற்றினால் முனையில் எண்ணெயும் கரியும் குழைந்து அப்பியிருக்கலாம். எலக்ட்ரானிக் பாகங்களுக்கான கிளீனரை அடித்து, தானாகக் காயவிட வேண்டும். துளைக்குள் ஊசி விட்டுக் குத்துவது சென்சாரைக் கொல்லும் வேலை.

இத்தனையும் சரியாக இருந்து, பி0299 வந்தால், பூஸ்ட் உண்மையிலேயே குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் இன்டர்கூலர் ஹோஸைப் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது மூடிக்கிடக்கும் கீறல், அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். ஹோஸின் அடிப்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு, மிதித்தால் 'புஸ்' சத்தம், பின்னால் கரும்புகை ஆகியவை அதன் அடையாளங்கள். வெடித்த வேக்குவம் டியூபும் அடைத்த ஏர் ஃபில்டரும் இதே தொல்லையைத் தரும்.

சரிசெய்த பிறகு கோடுகளை அழித்துவிட்டு, ரிங் ரோட்டில் மூன்றாவது கியரில் ஒரு இழுவை இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்கேனரில் இரண்டு எண்களைக் கவனிப்பார்: கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம். முழுப் பாரத்தில் பல டீசல் கார்களில் இந்த அழுத்தம் 200 கிலோபாஸ்கலைத் தாண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறினால் வேலை முடிந்தது. கிடைத்தது பின்தங்கி நின்றால், அப்போது டர்போவைத் திறந்து, ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.